ஆள்பலமா, கருவிபலமா

ஆகஸ்ட் 2, ஞாயிறு

விடிந்ததிலிருந்து ஆடிக்காற்று. வீட்டுக்குப் பின்னால் ஏத்தன் வாழை இரண்டு சரிந்துவிட்டது. ஒன்று குலை தள்ளியது. முட்டுக் கொடுத்துப் பார்த்தேன். நிற்காது.

தாணு இன்றும் கூப்பிடவில்லை. கடைசியாகப் பேசியபோது, "அப்பா, கொஞ்ச நாளைக்கு போன் கையில இருக்காது. அம்மைட்ட பக்குவமா சொல்லிருங்க" என்றான். ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான். மறுநாள் டி.வி.யில் எல்லைச் சண்டை ஆரம்பம். பக்குவமாகச் சொல்ல எனக்கு வேலையே வைக்கவில்லை.

மதியம் கொடைக் கமிட்டிக்காரர்கள் நோட்டீஸ் கொண்டுவந்து தந்தார்கள். பத்தாம் தேதி அம்மன் கோயில் கொடையில் பட்டிமன்றம். தலைப்பு: நாட்டைப் பெரிதும் காப்பது ஆள்பலமா, கருவிபலமா? என் பெயருக்கு முன்னால் வழக்கம்போல "சிரிப்புச் சாரல்". பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார், திருவிழா மேடையில் கோமாளி. எத்தனையோ வருஷமாக இப்படித்தான்.

நான் கருவி அணி. பட்டாளத்தில் ஆளைக் குறை, எந்திரத்தைக் கூட்டு என்று பேச வேண்டும். ஒத்துக்கொண்டது ஜூனில். அப்போது எல்லை அமைதியாக இருந்தது.

அப்போது எழுதி வைத்த குறிப்புகள்:

— எந்திரத்துக்கு லீவு வேண்டாம். ஒரே பாட்டியை மூன்று தடவை சாகடித்து ஊருக்கு வராது. (சிரிப்பு)

— மாமியார் வீட்டுக்கு மேலே ட்ரோன் விட்டு வேவு பார்ப்பது. (பெரிய சிரிப்பு)

— ஆளுக்குச் சோறு, துணி, பென்ஷன். எந்திரத்துக்கு எண்ணெய் மட்டும்.

— ஆள் செத்தால் ஒரு வீடு அழும். எந்திரம் உடைந்தால் கடையில் வாங்கலாம்.

கடைசி வரிக்கு அடியில் கோடு போட்டிருக்கிறேன். நல்ல வரி என்று நினைத்திருக்கிறேன்.

பகவதி சாப்பிடவில்லை. அவனைப் பெற்றவள். டி.வி.யை அணை என்கிறாள். அணைத்தால், ஏன் அணைத்தீர்கள் என்கிறாள்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

சாரல். ஆடிச் செவ்வாய். பகவதி எழுந்து கொழுக்கட்டை அவித்துத் தூக்குவாளியில் அடுக்கிக்கொண்டு ஔவையாரம்மன் கோயிலுக்குக் கிளம்பினாள். பஸ் ஏற்றிவிடப் போனேன்.

ஸ்டாப்பில் நிற்கும்போது கேட்டாள். "கேட்டியளா, ஒரு தடவ கேட்ட வரத்த வேண்டாம்னு திருப்பிக் கொடுக்கலாமா?"

எனக்குப் பிடிபடவில்லை. பிறகு சொன்னாள். தாணு பட்டாளத்தில் சேர்ந்தது நாலு வருஷ வேலையில். வரும் தையோடு முடிகிறது. நாலு பேரில் ஒருவனைத்தான் வைத்துக்கொள்வார்கள். மற்ற மூன்று பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வர வேண்டியதுதான். போன ஆடியில் இதே கோயிலில், அந்த ஒருவன் என் மகனாக இருக்க வேண்டும் என்று இவள் நேர்ந்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

"சும்மா இருந்தவளப் போயி நாந்தானே கேட்டேன். இப்பம் அவ அத மனசுல வச்சு அவன அங்ஙனயே நிறுத்திட்டாள்னா?"

"அம்மனுக்கு நெலமை தெரியும்ட்டி."

"தெரியும்னா பொறவு எதுக்கு நான் கொழுக்கட்டை சுமக்கேன்?"

பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்ததும் தூக்குவாளியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.

ஸ்டாஃப் ரூம். கணக்கு சார் செல்லில் குண்டு விழும் வீடியோ. பெரிய சத்தத்தோடு. "ஒரு அமுக்கு அமுக்கினா முடிஞ்சுது சார். எதுக்கு யோசிச்சிட்டு இருக்கான்?" வரலாறு டீச்சர் உள்ளே வந்தவள், "ஸ்கோர் என்னாச்சு?" என்றாள். விளையாட்டாகத்தான். என் மகன் எங்கே வேலை பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரியும். மறந்துபோயிற்று. நினைவு வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சார், உங்க பையன் அங்கயா இப்பம்?"

"தெரியல்ல டீச்சர்."

"ஒண்ணும் ஆகாது சார். நம்ம கைதான் ஓங்கி இருக்கு."

பிறகு யாரோ ரசவடை வாங்கி வந்திருந்தார்கள். நானும் ஒன்று தின்றேன்.

எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் எவனோ பெரிதாக டாங்கி வரைந்திருந்தான். அழிக்கத் தோன்றவில்லை. மிச்ச இடத்தில் வல்லினம் மிகும் இடங்கள் எழுதிப் போட்டேன்.

பகவதி வந்ததும் கேட்டேன், திருப்பிக் கொடுத்தாயா என்று. "கூட்டத்துல நெருக்கித் தள்ளிட்டாங்க. பாதிதான் சொன்னேன்" என்றாள்.

ஆகஸ்ட் 6, வியாழன்

காற்று அடங்கவில்லை. அஞ்சுகிராமத்திலிருந்து பகவதியின் அண்ணன் வந்தார். ரிட்டயர்டு சுபேதார். எல்லாச் சண்டையும் பார்த்தவர். ஹெல்மெட்டைக் கழற்றுமுன்பே ஆரம்பித்தார்.

"மாப்ளே, நோட்டீஸப் பாத்தேன். ஆளக் கொறைக்கணும்னு பேசப் போறீராமே?"

"தலைப்பு அவங்க கொடுத்தது மச்சான்."

"அது கெடக்கட்டும். உம்ம மனசுல என்ன இருக்கு?"

சொன்னேன். மனசிலும் அதுதான். இத்தனை பேரைக் கொண்டுபோய் மலையில் நிறுத்தி வைத்திருப்பதால்தான் இத்தனை லேசாகச் சண்டை தொடங்க முடிகிறது. ஆள் குறைந்தால் சாவு குறையும். குறைத்தால் என் மகன் வீட்டுக்கு வருவான்.

மச்சான் சாயா டம்ளரைக் கீழே வைத்தார். "ஆளத்தான் கொறைப்பான்வே, போஸ்டக் கொறைக்க மாட்டான். மலை அதே மலைதான். நாலு பேரு நிக்க எடத்துல ரெண்டு பேரு நிப்பான். காவல் மாத்த ஆள் கெடையாது. ஒறக்கம் கெடையாது. ஒறக்கம் இல்லாதவன்தான் மொதல்ல சாவான். நான் கண்ணால கண்டிருக்கேன்."

"அதுக்குத்தானே கேமரா, ட்ரோன்..."

"கேமரா கண்ணாடில ஐஸ் கட்டிட்டுன்னா தொடச்சு விட ஒரு கை வேணும்லா? அது யாரு கை?"

"அப்பம் கூட்டணும்ங்கேளா? இன்னும் ஆயிரம் பிள்ளைகள அங்ஙன கொண்டு விடணுமா?"

"விடணும். எல்லா வீட்டுலேருந்தும் விடணும். தெருவுக்கு ஒருத்தன் அங்ஙன நின்னான்னா ஒருத்தனும் டி.வி. முன்னால இருந்து இப்பிடிக் கொண்டாட மாட்டான்."

உண்மை போலத்தான் பட்டது. அப்போது பகவதி அடுக்களையிலிருந்து, சத்தமில்லாமல்: "அண்ணா, ஒனக்கு ரெண்டு பேரும் வெளியதானே இருக்கான்."

அவருடைய மூத்தவன் துபாய். இளையவன் பெங்களூர்.

மச்சான் தரையையே பார்த்துக்கொண்டு இருந்தார். கிளம்பும்போது வாசலில் என் தோளைப் பிடித்து, "பழைய ஆளுகள்ட்ட போன் போட்டுக் கேட்டேன். ஒரு தாக்கலும் தகவலும் இல்ல மாப்ளே" என்றார். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

ஆகஸ்ட் 8, சனி

கோட்டாறு. நல்லமிளகு, சுக்கு, சாம்பிராணி, பகவதிக்கு முட்டுவலித் தைலம்.

நகைக்கடை வாசலில் புது பேனர். சல்யூட் அடிக்கும் பட்டாளக்காரன் படம். கீழே, வீரத்துக்கு வணக்கம், செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை. சேதாரம் இல்லை என்ற எழுத்து அவன் பூட்ஸ் காலுக்கு நேர் கீழே. நின்று இரண்டு தடவை வாசித்தேன். கடைப்பையன் "உள்ள வாங்க சார்" என்றான்.

முடி வெட்டப் போனேன். கடைக்காரர்: "சவம், நேத்து முழுக்கப் பாத்துட்டு இருந்தேன் சார், புதுசா ஒண்ணும் காட்ட மாட்டேங்கான். முந்தாநேத்து நல்லாருந்து."

முந்தாநேற்று ஏதோ ஒரு முகாம் எரிவதைக் காட்டினார்கள். எந்த மலை, யாருடைய முகாம் என்று தெளிவாகச் சொல்லவில்லை. நானும் பகவதியும் அந்தப் புகைக்குள் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். நன்றாகத்தான் இருந்தது.

அப்படியே பட்டிமன்ற நடுவர் வீட்டுக்கு நடந்தேன். ரிட்டயர்டு பேராசிரியர், என்னை மேடையேற்றியவரே அவர்தான். என்னால் முடியாது, வேறு ஆளைப் போடுங்கள் என்றேன். முழுவதையும் கேட்டுவிட்டு நெடுநேரம் உச்சுக்கொட்டினார். உண்மையான வருத்தம்தான். பிறகு முகம் மாறியது.

"ஒண்ணு செய்யலாம் வேய். அணிய மாத்திக்கிடும். ஆள் அணிக்கு வாரும். சிரிப்பு வேண்டாம், உருக்கமாட்டுப் பேசும். கடைசில மட்டும், எம்மவன் அங்க நிக்கான்னு ஒரு வார்த்தை. சனம் அழுதுரும் பாத்துக்கிடும்."

நல்லெண்ணத்தில் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. கருவி அணியிலேயே பேசுகிறேன், மகன் பேச்சை எடுக்க மாட்டேன், நீங்களும் எடுக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

தைலத்தை அவர் வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன், வரிசையாக.

கொடைப் பந்தல் நிறைந்த கூட்டம். பாய் விரித்துப் பெண்கள், பஞ்சுமிட்டாய், ஐஸ் வண்டி. பகவதி வரவில்லை. போனைப் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டும் என்றாள், போனைக் கையில் கொண்டு வரலாம் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

ஆள் அணியில் இரண்டு பேர் முழங்கினார்கள். அப்புறம் நான். ஒரே பாட்டியை மூன்று தடவை சாகடித்தேன். சிரிப்பு. மாமியார் வீட்டு ட்ரோன். பெரிய சிரிப்பு, ஒரு கிழவர் இருமல் வந்து எழுந்து போனார். என் வாய் தானாகப் பேசிக்கொண்டிருந்தது. ஒரு ஓரத்தில் நின்று நானே அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஆள் செத்தால் ஒரு வீடு அழும். எந்திரம் உடைந்தால் கடையில் வாங்கலாம்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது? சொல்வது சிரிப்புச் சாரல், அதனால் சிரித்தார்கள்.

வாய் உலர்ந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேன். அடுத்த குறிப்பு கையில் இருக்கிறது, கண்ணில் தெரிகிறது, வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

"இங்க இருக்கியளே இவ்வளவு பேரு. யாரு வீட்டுப் பிள்ளை இப்பம் எல்லையில நிக்கான்? கையத் தூக்குங்க."

ஒரு கையும் இல்லை. யாராவது தூக்குகிறார்களா என்று எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், வேடிக்கை போல. நான் என் கையைத் தூக்கினேன்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு கைதட்டு. விசில்.

"கை தட்டாதீங்க" என்றேன். "எம்மவன் எங்க நிக்கான்னு எனக்குத் தெரியாது. உசுரோட இருக்கானான்னு தெரியாது. கை தட்டாதீங்க."

இன்னும் ஓங்கித் தட்டினார்கள். சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார்கள். கமிட்டிச் செயலாளர் பொன்னாடையோடு ஓடிவந்தார். மைக்கைப் பிடுங்கி, "வீரத் தந்தைக்கு நம்ம ஊர் சார்பா" என்றார். பின்பக்கம் எவனோ ஓலை வெடி கொளுத்தினான். பொன்னாடையைப் போட்டுக்கொண்டு நின்றேன். செல்கள் எல்லாம் என்னை நோக்கி. கும்பிட்டேன் என்று நினைக்கிறேன். பழக்கம்.

தீர்ப்பு: இரண்டு பலமும் வேண்டும். அதற்கும் கைதட்டு. உடனே மெல்லிசை.

பந்தலுக்கு வெளியே வறுகடலைத் தட்டோடு ஒரு பெண் வழிமறித்தாள். மேற்கே குழித்துறைப் பக்கத்துப் பேச்சு. "சாரே, நான் கை தூக்கணும்னுதான் பாத்தேன். தட்டு கையில இருந்து." அவள் தம்பி அங்கே இருக்கிறானாம். அவனும் கூப்பிட்டுப் பல நாளாயிற்று. அவன் பேர் கேட்டேன், சொன்னாள். தாணு பேர் கேட்டாள், சொன்னேன். அதற்கு மேல் எதைக் கேட்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மெல்லிசைக்காரன் ஆட்டப்பாட்டு எடுத்ததும் அவள் கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 12, புதன்

யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது. அடியில் தீ எழுத்து, சோக இசை. கணக்கு சார் காலைத் தொட்டுக் கும்பிட வந்தார். விலகிக்கொண்டேன். மச்சான் போனில் கத்தினார்: "அவனோட ஆபீசர் பாத்தா என்னாகும்? அவன வச்சுக்கிடுவானா?" பகவதியிடம் சொன்னேன். "வச்சுக்கிட மாட்டானா?" என்று கேட்டாள். அவள் குரலில் இருந்தது பயமா ஆசையா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியாது.

நான்காவது பீரியட். தெரியாத நம்பர். வகுப்பை விட்டு வெளியே ஓடினேன்.

"அப்பா."

தாணு. தாணு. தாணு.

அழுதேன் என்று நினைக்கிறேன். எட்டாம் வகுப்பு முழுக்க ஜன்னலில். "நல்லாருக்கியா மக்கா, அடி கிடி உண்டா?" "எனக்கு ஒண்ணும் இல்லப்பா." எனக்கு என்று சொன்னதில் ஏதோ இருந்தது. கேட்டேன்.

ஷிபு செத்துவிட்டான்.

ஷிபு இவன் கூட்டாளி. நெய்யாற்றின்கரைப் பையன், ஒரே நாளில் சேர்ந்தவர்கள், இவனைப் போலவே நாலு வருஷம். லீவில் ஒருமுறை இங்கே வந்து, பகவதி வைத்த தீயல் குழம்பைச் சட்டியோடு வழித்துச் சாப்பிட்டான்.

தாணு சொன்னது, அவன் சொன்னபடியே:

"போஸ்ட்ல நாலு பேரு வேணும்பா. நாங்க ரெண்டு பேருதான் இருந்தோம். எனக்குக் காய்ச்சல். அது என் காவல். எழும்ப முடியல்ல. நீ கெட, நான் நிக்கேன்னு அவன் ரெண்டாவது தடவையும் போனான். கொசு இரையது மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். ட்ரோன். ஆளே இல்லப்பா அதுல. யாரச் சுட?"

பிறகு: "அவங்க அம்மைட்ட நீங்க போயி சொல்லணும். அது என் காவல்னு. எனக்கு வாய் வரமாட்டேங்கு. நீங்க பேசுகவருல்லா."

லைன் போய்விட்டது.

ஆகஸ்ட் 15, சனி

வெயில். கொடியேற்றம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மீசை வரைந்து அட்டைத் துப்பாக்கியோடு. ஹெச்.எம். என்னைப் பேசச் சொன்னார். தொண்டை கட்டிவிட்டது என்றேன்.

சண்டை நிறுத்தம் என்று நேற்றே அறிவித்துவிட்டார்கள். டி.வி.யில் இப்போது வேறு விஷயம் ஓடுகிறது. தெருவில் யாரும் அதைப் பேசுவதில்லை. மழை விட்ட மாதிரி.

ஷிபுவைக் கொண்டுவந்ததை மலையாளச் சேனலில் காட்டினார்கள். பெரிய கூட்டம். வண்டி நகர முடியவில்லை. பகவதி திரையில் கையை வைத்து, "இதுல அவன் அம்மை யாரு?" என்று தேடினாள்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

நெய்யாற்றின்கரை போய் வந்தோம். களியக்காவிளையில் பஸ் மாறி. வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். எப்படித் தொடங்குவது, எந்தச் சொல் வேண்டாம். ஒன்றும் சரிப்படவில்லை.

தெரு முக்கில் ஷிபுவின் ஃபிளெக்ஸ். அவன் முகம் சின்னது, வணக்கம் சொல்லும் தலைவர்கள் முகம் பெரிது. ஒரு மூலை அவிழ்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. வீட்டு முற்றத்தில் வாடகை நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் இல்லை. அவன் அம்மா மட்டும் உள்ளே கட்டிலில். அப்பா அவன் சிறுவனாக இருக்கும்போதே போய்விட்டவர்.

தாணுவின் அப்பா, அம்மா என்றதும் எழுந்து உட்கார்ந்தாள். எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டாள். நான் தொடங்கினேன். "அம்மா, எங்க பையன் ஒரு விஷயம் சொல்லச் சொன்னான்." அதோடு நின்றுவிட்டது. ஆயிரம் பேர் முன்னால் கூசாத வாய். மறுபடி தொடங்கினேன். மறுபடி நின்றது.

பகவதி சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. "அன்னைக்கு எம்மவனுக்குக் காய்ச்சல். அது அவன் நிக்க வேண்டிய நேரம். அவனுக்குப் பதிலா ஒங்க பிள்ளை நின்னான். எம்மவன் இருக்கான். ஒங்க பிள்ளை போயிட்டான். இதச் சொல்லத்தான் வந்தோம்."

மாநில எல்லைப்புறத்துக்காரி, தமிழ் நன்றாகப் புரியும். வெளியே நாற்காலி அடுக்கும் சத்தம் மட்டும். எங்களை வெளியே போகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லட்டும் என்றிருந்தது.

பிறகு கேட்டாள். "பனி மாறியோ மோனு?"

அங்கே இப்போது பனி இல்லையே, இதென்ன கேள்வி என்று நான் முழித்தேன். பகவதிதான் புரிந்துகொண்டாள். அவர்கள் பேச்சில் பனி என்றால் காய்ச்சல். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுதா என்று கேட்கிறாள்.

"விட்டுட்டு" என்றாள் பகவதி. அப்புறம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு போட்ட சத்தத்தில் நாற்காலிக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். நான் வெளியே வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கிளம்பும்போது அவள் சொன்னது இவ்வளவுதான்: "எந்நெ விளிக்கான் பறயணே." என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 20, வியாழன்

தலைவலி. விடைத்தாள் கட்டு அப்படியே கிடக்கிறது.

கமிட்டிச் செயலாளர் வந்தார், வேறொரு ஊர்க்காரர் இருவரோடு. அவர்கள் ஊரிலும் கொடையாம். அதே தலைப்பு. "அண்ணாச்சி, அன்னைக்குக் கை தூக்கச் சொன்னியள்லா, அத மட்டும் விட்டுராதுங்க. அதுதான் எடுபட்டுது." வந்தவர்களில் ஒருவர்: "பையன் நல்லாருக்கான்னு கேள்விப்பட்டோம். சந்தோசம். ஆனா மேடைல அதச் சொல்லாண்டாம்."

சத்தம் போடவில்லை. சாயா கொடுத்து அனுப்பினேன். இனி மேடை கிடையாது என்று மட்டும் சொன்னேன். நம்பவில்லை.

சாயங்காலம் தாணு. குரல் தெளிவாக இருந்தது. அதுவே பயமாக இருந்தது.

"அப்பா, தொடர்ந்து இருக்கியான்னு கேட்டாங்க. இருக்கேன்னு சொல்லிட்டேன். எடுப்பாங்க போல."

"மக்கா, நீ வந்துரு. இங்க என்னமும் பாத்துக்கிடலாம்."

"நானும் வந்துட்டா அந்த போஸ்ட்ல யாருப்பா நிப்பா? ரெண்டு பேரு நின்ன எடத்துல ஒருத்தன் போயாச்சு."

மச்சான் சொன்னதும் நான் சொன்னதும் எல்லாம் நினைவு வந்தது. ஆளைக் குறை, ஆளைக் கூட்டு. எந்த அணியில் நின்று இதற்குப் பதில் சொல்வது? போ என்று சொல்ல மாட்டேன். வா என்று சொன்னால் அவன் வேறொரு வீட்டுப் பிள்ளையைக் காட்டுகிறான்.

"அம்மைட்ட கொடுங்க" என்றான். கொடுத்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "நெய்யாத்தங்கரைக்குப் பேசினியா?" என்று மட்டும் கேட்டாள்.

பேசினானாம். ஷிபு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் அம்மாவைக் கூப்பிடுவானாம். இனி அந்த நேரத்தில் இவன் கூப்பிடுவானாம். "மொதல்ல அங்க பேசிட்டுத்தான் அம்மா ஒனக்கு."

"செரி மக்கா. அப்பிடியே செய்யி."

வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். வெகுநேரம் பாத்திரம் தேய்க்கும் சத்தம்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

மழை இல்லை, காற்றும் இல்லை. புழுக்கம். சரிந்த வாழையை வெட்டி மாட்டுக்குப் போட்டேன்.

மத்தியானச் செய்தியில் மறுபடி எல்லையில் எங்கோ வெடிச்சத்தம் என்றான். இரண்டு வரி. பிறகு சினிமா விளம்பரம்.

விளக்கு வைத்ததிலிருந்து போன் பகவதி மடியில்.

"அங்ஙன பேசிட்டு இருப்பான்" என்றேன்.

"ஆமா. அந்த அம்மைக்கு நெறைய கேக்க இருக்கும்."

சோறு பிசைந்து அப்படியே வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டில் டி.வி. சிரிக்கிறது.

நெய்யாற்றின்கரை நம்பர் என்னிடம் இருக்கிறது. கூப்பிட்டுக் கேட்டுவிடலாம். எடுத்து, இல்லையே, இங்கேயும் இன்னும் கூப்பிடவில்லையே என்று அவள் சொல்லிவிட்டால்?

கூப்பிட மாட்டேன். அங்கேதான் பேசிக்கொண்டிருக்கிறான்.